கங்கைகொண்ட சோழபுரத்தைக் கணிப்பொறி தேடினால்...

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அருகே கங்கைகொண்ட சோழபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சிக் காலம் 1014-1044), தன் படை கங்கை வரை சென்று வென்றதன் நினைவாக அமைத்த தலைநகரம் அது. அவன் எழுப்பிய பெருங்கோயிலை யுனெஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. இவையெல்லாம் உங்கள் வரலாற்றுப் பாடத்தில் வருபவைதாம்.

இக்கட்டுரையில் நாம் காணப்போவது கோயிலை அன்று, அவ்வூரின் பெயரை. இப்பெயரில் ஓர் அட்டவணையைக் கணிப்பொறியில் அமைத்து வைக்கிறோம். மறுநாள் அதே பெயரைச் சொல்லி, "அந்த அட்டவணையைக் காட்டு" என்கிறோம். சில வேளைகளில் கணிப்பொறி, "அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்று விடை தருகிறது. அட்டவணையோ உள்ளேதான் இருக்கிறது! நம் கண்ணுக்குப் பெயரிலும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பின் ஏன் இந்த மறுப்பு? இதற்கு விடை காண்பதே நம் நோக்கம்.

கல்வெட்டைப் படிப்பவரும் கணிப்பொறியும்

சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் எழுத்தில் வேறுபாடு காட்டுவதும் அரிது. இன்று நாம் எழுதும் இரட்டைக் கொம்பு பிற்காலத்தது; அதை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் (1680-1747) என்பர். ஆகவே "கொண்ட" என்பதன் முதலெழுத்தும் "சோழ" என்பதன் முதலெழுத்தும் அன்று ஒரே வகையான கொம்பும் காலும் பெற்று நின்றன. ஒன்றைக் குறிலாகவும் மற்றொன்றை நெடிலாகவும் படித்தது யார்? படிப்பவரின் அறிவே. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து, "இது சோழன் பெயர்" என்று கல்வெட்டு அறிஞர் தெளிகிறார்.

கணிப்பொறிக்கு இத்தகைய அறிவு கிடையாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பெயர்களின் எண் வரிசைகள் ஒத்திருந்தால் அவை ஒரே பெயர். ஓர் எண் மாறினாலும் வேறு பெயர். "ஏறக்குறைய ஒன்றுதானே" என்று அது தானாக எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை மனிதர்தாம் முன்கூட்டியே விதியாக வகுத்துத் தரவேண்டும்.

அட்டவணையும் அதன் பெயரும்

பெருந்தொகையான செய்திகளை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகச் சேர்த்து வைக்கும் அமைப்பே தரவுத்தளம். இம்முறைக்கு அடிப்படை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். அவருடைய கட்டுரை 1970இல் வெளிவந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகிய இருவரும் இத்தகைய அட்டவணைகளை வினவுவதற்கு ஒரு மொழியை உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். அம்மொழியே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது. 1986இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் அதற்கு ஒரு தரநிலையை வகுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். "சோழர் கோயில்கள்" என்பது அட்டவணையின் பெயர் என்று கொள்வோம். அதில் ஊர், மாவட்டம், உலக மரபுச் சின்னமான ஆண்டு என மூன்று பத்திகள்:

தஞ்சாவூர் — தஞ்சாவூர் — 1987
கங்கைகொண்ட சோழபுரம் — அரியலூர் — 2004
தாராசுரம் — தஞ்சாவூர் — 2004

இதில் இரு வகைப் பெயர்கள் உள்ளன. "சோழர் கோயில்கள்" என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது. அது அட்டவணைக்கே உரிய பெயர். "அரியலூர்" என்பது பெட்டிக்குள் இருக்கும் பொருள். அது அட்டவணையில் அடங்கிய செய்தி. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பயன்படும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சிறியது என இரண்டு வடிவங்கள் உள்ளன. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், பெரிய எழுத்துகளை மேற்பெட்டியிலும் சிறிய எழுத்துகளைக் கீழ்ப்பெட்டியிலும் அச்சகத்தார் வைத்திருந்தனர். பெட்டிக்கு ஆங்கிலத்தில் "கேஸ்" என்று பெயர். அதனால்தான் பெரிய எழுத்தை "அப்பர் கேஸ்" என்றும் சிறிய எழுத்தை "லோயர் கேஸ்" என்றும் இன்றும் சொல்கிறார்கள்.

நாம் "சோழா" என்பதை ஆங்கிலத்தில் சி, எச், ஓ, எல், ஏ என்னும் ஐந்து எழுத்துகளால் எழுதுகிறோம். இவற்றிற்குக் கணிப்பொறி தரும் எண்கள் இவை:

எல்லாம் பெரிய எழுத்து: 67, 72, 79, 76, 65
எல்லாம் சிறிய எழுத்து: 99, 104, 111, 108, 97
முதலெழுத்து மட்டும் பெரியது: 67, 104, 111, 108, 97

ஒவ்வொரு பெரிய எழுத்தோடும் 32ஐக் கூட்டினால் அதன் சிறிய எழுத்து கிடைப்பதைக் காணலாம். இருமடி எண்ணில் எழுதினால் இது இன்னும் தெளிவாகும். 67 என்பது 1000011. 99 என்பது 1100011. ஒரே ஓர் இலக்கம் 0இலிருந்து 1ஆக மாறியிருக்கிறது, அவ்வளவே! ஆனால் கணிப்பொறிக்கு 67 வேறு, 99 வேறு.

கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரை இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் எழுதினால் வழக்கமாக 21 எழுத்துகள் வரும். ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு வகையில் எழுதலாம் என்றால், பெயரை எத்தனை வகையில் எழுதலாம்? 2ஐ 21 முறை பெருக்கிப் பாருங்கள்: 20,97,152! இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட எண் வரிசைகள். நமக்கு இவையெல்லாம் ஒரே ஊர். கணிப்பொறிக்கோ எல்லாம் வெவ்வேறு பெயர்கள்.

மடக்கும் விதி

இத்தனை பெயர்களையும் வேறு வேறாக வைத்துக்கொண்டால் வேலை நடக்குமா? ஆகவே எஸ்.க்யூ.எல். வகுத்தவர்கள் ஒரு வழி கண்டனர். அட்டவணையின் பெயரைச் சாதாரணமாக எழுதினால், கணிப்பொறி எல்லா எழுத்துகளையும் ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளும். இதை "மடக்குதல்" எனலாம். விரித்த குடைகள் பல அளவில் இருந்தாலும் மடக்கி வைத்தால் ஒரே உருளைக்குள் நுழைவதுபோல, 20,97,152 வடிவங்களும் ஒரே வடிவத்தில் அடங்கிவிடும்.

எந்த வகைக்கு மடக்குவது? பெரிய எழுத்துக்கு என்பது தரநிலையின் விதி. பெரிய எழுத்துகளை மட்டுமே கையாண்ட கருவிகள் பல வழக்கில் இருந்த காலத்தின் பழக்கத்தோடு இவ்விதி ஒத்துப்போகிறது. ஆரக்கிள் என்னும் தரவுத்தளம் இவ்விதிப்படியே பெரிய எழுத்துக்கு மடக்குகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தோன்றிய போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளமோ சிறிய எழுத்துக்கு மடக்குகிறது.

மை எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்தின் வழி வேறு. அது அட்டவணைகளைக் கோப்புகளாகச் சேமிக்கிறது. எனவே கோப்புப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கணிப்பொறியின் இயக்க அமைப்பு பார்க்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் நடத்தை அமைகிறது. விண்டோசில் அவ்வேறுபாடு இல்லை, லினக்சில் உண்டு. விண்டோசில் எழுதிச் சோதித்த ஒரு செயல்திட்டம் லினக்சுக்கு மாற்றியவுடன் "அட்டவணை இல்லை" என்று நின்றுவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். செயல்திட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதைப் படிக்கும் விதி!

மேற்கோள் குறி என்ன சொல்கிறது?

மடக்குவதை விரும்பாதவர்களும் உண்டு. "நான் எழுதியபடியே பெயர் இருக்க வேண்டும், அதில் கை வைக்காதே" என்று சொல்ல ஒரு வழி வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இரட்டை மேற்கோள் குறி. பெயரை இக்குறிகளுக்குள் எழுதினால், தரநிலைப்படி கணிப்பொறி அதை மடக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

இனித் தொடக்கத்தில் கேட்ட புதிரின் முதற்பகுதியை அவிழ்க்கலாம். போஸ்ட்கிரசில் ஒருவர் "சோழா" என்னும் அட்டவணையை, முதலெழுத்தைப் பெரியதாக எழுதி, மேற்கோள் குறிக்குள் இட்டு அமைக்கிறார். உள்ளே 67, 104, 111, 108, 97 என்று பதிவாகிறது. மறுநாள் இன்னொருவர் அதே பெயரை, அதே பெரிய முதலெழுத்தோடு, ஆனால் மேற்கோள் குறி இல்லாமல் எழுதிக் கேட்கிறார். கணிப்பொறி அதை மடக்கி 99, 104, 111, 108, 97 என்று ஆக்கிக்கொண்டு தேடுகிறது. அப்படி ஒரு பெயர் இல்லை! திரையில் இருவர் எழுதியதும் ஒன்றாகத்தான் தெரிகிறது. முதலாமவர் இட்ட மேற்கோள் குறியை இரண்டாமவர் விட்டதே வேறுபாடு.

மேற்கோள் குறியின்றி அமைத்திருந்தால்? பெயர் அப்போதே சிறிய எழுத்துக்கு மடங்கியிருக்கும். கேட்பவர் எந்த வடிவில் குறியின்றிக் கேட்டாலும் அதுவும் மடங்கி, இரண்டும் பொருந்தியிருக்கும். ஆகவே ஒருமுறை மேற்கோள் குறிக்குள் பெரிய எழுத்து கலந்து பெயர் வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் மேற்கோள் குறியோடுதான் அழைக்க வேண்டும்.

குறியை இடும் வழக்கமும் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறுகிறது. மை எஸ்.க்யூ.எல். இரட்டை மேற்கோள் குறிக்குப் பதிலாகச் சாய்ந்த ஒற்றைக் குறியைப் பயன்படுத்துகிறது. மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் சதுர அடைப்பையும் ஏற்கிறது. எஸ்.க்யூ.லைட் என்னும் சிறிய தரவுத்தளமோ, குறி இட்டாலும் இடாவிட்டாலும் அட்டவணைப் பெயரில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குப் பெரியது, சிறியது என்று பார்ப்பதே இல்லை.

இடைவெளி செய்யும் குறும்பு

மேற்கோள் குறிக்கு இன்னொரு பயனும் உண்டு. "கங்கைகொண்ட சோழபுரம்" என்று நடுவே இடம் விட்டு எழுதுகிறோம். இதையே அட்டவணையின் பெயராக வைத்து, மேற்கோள் குறியின்றி இவ்வாறு கேட்பதாகக் கொள்வோம். (கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தருகிறோம்.)

செலக்ட் * ஃப்ரம் கங்கைகொண்ட சோழபுரம்;

"செலக்ட்" என்றால் தேர்ந்தெடு. உடுக்குறி என்றால் எல்லாப் பத்திகளையும். "ஃப்ரம்" என்றால் இந்த அட்டவணையிலிருந்து. நமக்குப் பொருள் தெளிவு. கணிப்பொறி இதை எப்படிப் புரிந்துகொள்கிறது தெரியுமா? அட்டவணையின் பெயருக்குப் பின் ஒரு சொல் வந்தால் அதைச் செல்லப் பெயராகக் கொள்வது எஸ்.க்யூ.எல். இலக்கணம். ஆகவே, "கங்கைகொண்ட என்றோர் அட்டவணை இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சோழபுரம் என்று அழைக்க வேண்டும்" என்று அது பொருள் கொள்கிறது! பிறகு, "கங்கைகொண்ட என்னும் அட்டவணை இல்லை" என்று கைவிரிக்கிறது. இராசேந்திரன் ஊருக்கு வைத்த பெயர் இரண்டாக உடைந்துபோகிறது. இரு சொற்களையும் சேர்த்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், அது ஒரே பெயர் என்பது விளங்கிவிடும்.

இரட்டைக் குறியையும் ஒற்றைக் குறியையும் மாற்றி எழுதிவிடக் கூடாது. பெட்டியின் சீட்டு, பெட்டிக்குள் உள்ள பொருள் என்று முன்பு பிரித்தோம் அல்லவா? தரநிலைப்படி, சீட்டில் உள்ள பெயருக்கு இரட்டை மேற்கோள் குறி. உள்ளே இருக்கும் செய்திக்கு ஒற்றை மேற்கோள் குறி. 'அரியலூர்' என்று ஒற்றைக் குறிக்குள் எழுதினால், அச்சொல்லைச் செய்தியாகத் தேடும். "அரியலூர்" என்று இரட்டைக் குறிக்குள் எழுதினால், அப்பெயரில் ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடும்.

தமிழுக்கு இத்தொல்லை இல்லையா?

"தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லையே! பெயரைத் தமிழில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தமிழ்ப் பெயர்களைப் போஸ்ட்கிரஸ் முதலிய தரவுத்தளங்கள் ஏற்றுக்கொள்கின்றன. தமிழ் எழுத்துகளை மடக்குவதற்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் தமிழுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. அது கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரிலேயே இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது!

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் முறை யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள எண்களைத் தமிழுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். இதில் "க" என்பதன் எண் 2965. உயிர்மெய்யை எழுதும்போது முதலில் அகர உயிர்மெய்யின் எண்ணும், அதன்பின் கொம்பு, கால் போன்ற துணைக்குறியின் எண்ணும் வரும்.

இப்போது "கொண்ட" என்பதில் உள்ள "கொ" எழுத்தைப் பாருங்கள். ஒகரக் குறிக்குத் தனியாக ஓர் எண் உண்டு; அது 3018. ஆனால் அக்குறி கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? முன்னே ஒற்றைக் கொம்பு, பின்னே கால். ஒற்றைக் கொம்பின் எண் 3014. காலின் எண் 3006. எனவே "கொ" எழுத்தை இரண்டு வழிகளில் பதியலாம்:

முதல் வழி: 2965, 3018
இரண்டாம் வழி: 2965, 3014, 3006

திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றில் இரண்டு எண்கள். மற்றொன்றில் மூன்று எண்கள். "சோழ" என்பதில் உள்ள "சோ" எழுத்தும் இப்படியே: 2970, 3019 என்பது ஒரு வழி; 2970, 3015, 3006 என்பது மற்றொரு வழி.

முதலிடத்தில் இரண்டு வழி, இரண்டாம் இடத்தில் இரண்டு வழி. ஆக, ஊரின் பெயர் நான்கு வகை. நடுவே இடைவெளி விடுவதா, சேர்த்து எழுதுவதா என்பதையும் கணக்கில் சேர்த்தால் எட்டு வகை. தட்டச்சு முறையும், பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றித் தரும் கருவியும் வேறாக இருந்தால், ஒரே ஊர் இவ்வாறு வெவ்வேறு எண் வரிசைகளாகத் தரவுத்தளத்தில் நுழைந்துவிடக்கூடும்.

இங்கே மேற்கோள் குறி நமக்கு உதவாது. "எழுதியபடியே வைத்துக்கொள்" என்பதுதானே அதன் கட்டளை? இரண்டு வழியில் எழுதினால் இரண்டாகவே வைத்துக்கொள்ளும்.

உருவம் மாறியும் எண் மாறாதது

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் மொழியில் உண்டு. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் புதிய உருவம் பெற்றன. உங்கள் தாத்தாவின் பாடநூல்களில் பழைய உருவங்களைக் காணலாம். இரண்டும் கண்ணுக்கு முற்றிலும் வேறு. ஆனால் யூனிகோட்டில் "லை" எழுத்துக்குப் பழையது, புதியது என்று தனித்தனி எண்கள் இல்லை. எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. எனவே, உருவம் ஒன்றாக இருந்தால் எண்ணும் ஒன்று என்று சொல்ல முடியாது. உருவம் வேறாக இருந்தால் எண்ணும் வேறு என்றும் சொல்ல முடியாது. கண் ஒரு வழியில் செல்கிறது. கணிப்பொறி மற்றொரு வழியில் செல்கிறது.

இதனால் என்ன கேடு?

ஒரு பள்ளியின் வரலாற்றுக் கழக மாணவர் இருவர், தங்கள் வட்டாரக் கல்வெட்டுகளைப் பற்றிய குறிப்புகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏற்றியவை 40. மற்றவர் ஏற்றியவை 60. ஊர்ப் பெயரை முதல்வர் ஒரு வழியிலும் மற்றவர் இன்னொரு வழியிலும் பதிந்துவிட்டனர். மூன்றாம் மாணவர் ஊர்ப் பெயரைத் தந்து தேடுகிறார். 40 மட்டுமே கிடைக்கிறது. கணிப்பொறி பிழை என்று எதையும் சொல்லவில்லை. அவரும், "இவ்வூரைப் பற்றிய குறிப்புகள் 40" என்று கட்டுரை எழுதிவிடுகிறார்.

அட்டவணையின் பெயர் பொருந்தாவிட்டால் கணிப்பொறி "இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும், நாமும் விழித்துக்கொள்வோம். அட்டவணைக்குள் இருக்கும் செய்தி பொருந்தாவிட்டாலோ அது வாய் திறவாமல் குறைத்துக் காட்டும். இதுவே பெருங்கேடு. உதவித்தொகைப் பட்டியலிலோ நிலப் பதிவிலோ ஒருவர் பெயர் இப்படிக் கிடைக்காமற் போனால், கிடைக்கவில்லை என்பது நாளடைவில் இல்லை என்றே ஆகிவிடும் அல்லவா?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, அட்டவணைப் பெயர்களை எளிமையாக வைப்பது நல்லது. ஆங்கில எழுத்தில் வைத்தால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இடலாம். அப்போது மேற்கோள் குறி பெரும்பாலும் தேவைப்படாது.

இரண்டாவதாக, மேற்கோள் குறியை இடுவதா, விடுவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, எல்லாரும் அதையே பின்பற்ற வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்ச் செய்திகளைச் சேமிக்கும் முன்பே ஒரே சீர்வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். இதற்கான விதியை யூனிகோடு வகுத்திருக்கிறது. கொம்பும் காலும் தனித்தனியே வந்தால், அவ்விதி அவற்றைச் சேர்த்து ஒகரக் குறியின் ஒரே எண்ணாக ஆக்கிவிடும். ஆங்கிலத்திற்கு மடக்குதல் எப்படியோ, தமிழுக்கு இச்சீர்வடிவம் அப்படி. போஸ்ட்கிரசில் 2020ஆம் ஆண்டின் 13ஆம் பதிப்பு முதல் இதற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் நாம் ஏவினால்தான் அது வேலை செய்யும், தானாகச் செய்யாது.

விதிகளால் தீராதவையும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் இராசேந்திரன் வெட்டுவித்த பேரேரிக்குச் சோழகங்கம் என்று பெயர். அதையே இன்று பொன்னேரி என்கிறார்கள். இவை இரண்டும் ஒரே ஏரி என்பதை எந்த மடக்கும் விதியும் கண்டுபிடிக்காது. அதை அறிந்த ஒருவர்தாம் தரவுத்தளத்தில் எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டைப் படிக்கும் அறிஞரின் வேலை இங்கேயும் தேவைப்படுகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் எஸ்.க்யூ.லைட் இருந்தால் இச்சோதனையைச் செய்யலாம். இது விலையில்லாமல் கிடைப்பது. அதில் "கேர்" என்றொரு சார்பு உண்டு. சி, எச், ஏ, ஆர் என்னும் நான்கு எழுத்துகளால் அதைத் தட்ட வேண்டும். எண்களைக் கொடுத்தால் அவற்றிற்குரிய எழுத்தைத் தருவது அதன் வேலை.

1. செலக்ட் கேர்(2965,3018);
2. செலக்ட் கேர்(2965,3014,3006);
3. செலக்ட் கேர்(2965,3018) = கேர்(2965,3014,3006);

முதல் இரண்டு கட்டளைகளுக்கும் "கொ" என்ற எழுத்தே விடையாக வரும். மூன்றாவது, இரண்டும் சமமா என்ற கேள்வி. சமம் என்றால் 1, சமமில்லை என்றால் 0 வர வேண்டும். 0 வருவதைக் கண்ணாரக் காண்பீர்கள்! பிறகு, நீளத்தைச் சொல்லும் "லெங்த்" என்னும் சார்புக்குள் முதல் இரண்டையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 2, மற்றொன்றுக்கு 3 என்று விடை வரும்.

சிந்திக்க

1. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம், செயங்கொண்டம் ஆகிய நான்கு பெயர்களுள் எதை இரண்டு எண் வரிசைகளில் பதிய முடியும்?

2. அரியலூரை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகளில் எழுதுகிறோம். பெரிய, சிறிய எழுத்துகளை எப்படியும் கலக்கலாம் என்றால் மொத்தம் எத்தனை வடிவங்கள்?

3. போஸ்ட்கிரஸ் ஒரு பெயருக்கு 63 பைட்டுகளுக்கு மேல் இடம் தராது, மிஞ்சியதை வெட்டிவிடும். வழக்கமான சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் 3 பைட்டுகள், அடிக்கோட்டுக்கு 1 பைட்டு தேவை. "கங்கைகொண்ட_சோழபுரம்_கல்வெட்டு", "கங்கைகொண்ட_சோழபுரம்_கலசம்" என்னும் இரண்டு அட்டவணைகளை அங்கே அமைத்தால் என்ன ஆகும்? ("கொ", "சோ" இரண்டையும் முதல் வழியில் எழுதியதாகக் கொள்க.)

விடைகள்: 1. செயங்கொண்டம், அதில் "கொ" இருக்கிறது. 2. 2ஐ எட்டு முறை பெருக்க 256. 3. ஊர்ப் பெயரில் உள்ள எண்கள் 18. அவற்றிற்கு 54 பைட்டுகள். இரண்டு அடிக்கோடுகளையும் சேர்த்தால் 56. மீதம் 7 பைட்டுகள். அதில் க, ல என்னும் இரண்டு எழுத்துகளுக்கே இடம் உண்டு. ஆகவே இரண்டு பெயர்களும் "கங்கைகொண்ட_சோழபுரம்_கல" என்று ஒன்றாகிவிடும். முதல் அட்டவணை அமையும். இரண்டாவதை அமைக்க முயன்றால், "இப்பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது" என்று கணிப்பொறி மறுக்கும். ஒரே பெயர் இரண்டாவதைப் பார்த்தோம். இங்கே இரண்டு பெயர்கள் ஒன்றாகின்றன!